நின்றவூரில் எழுந்த நெஞ்சத் திருக்கோயில்

திருக்கோயில் எடுப்பதென்பது எளிதில் முடியும் செயலன்று. நிலம் வேண்டும், கல்லும் மரமும் வேண்டும், கைவல்ல தச்சர் வேண்டும், இவையனைத்தையும் கூட்டுவிக்கும் பெரும்பொருள் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஓர் அடியார், தாம் எண்ணிய திருப்பணியைக் குறைவற முடித்துக் குடமுழுக்கும் செய்தார் என்றால், அவ்வெற்றி எவ்வாறு வாய்த்தது என்பது திருப்பணி செய்வோர் அனைவரும் சிந்தித்தற்குரியது. அவ்வடியாரே அறுபத்துமூவருள் ஒருவராகிய பூசலார் நாயனார்.

தொண்டை நாட்டில், சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது திருநின்றவூர். பூசலார் அவ்வூரில் தோன்றிய மறையவர். சுந்தரமூர்த்தி நாயனார் தம் திருத்தொண்டத் தொகையில் இவரை ஊர்ப்பெயருடன் சேர்த்துப் போற்றினார். நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில், இவர் இரவெல்லாம் கண் துயிலாது மனத்திலேயே கோயிலை நினைந்து அருள் பெற்ற செய்தியை ஒரு பாட்டில் அமைத்தார். கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார்.

பூசலார் மனத்தில் கோயில் எடுத்தார் என்று மட்டும் கேட்போர், பொருள் தேடும் உழைப்புக்கு அஞ்சி அவர் எளிய வழியை நாடினார் போலும் என்று கருதக்கூடும். அது பிழை. முதற்கண் அவர் உலகியல் முறையிலேயே முயன்றார். இறைவனுக்கு ஓர் ஆலயம் அமைக்க வேண்டும் என்னும் வேட்கையால் நிதி தேடி எங்கணும் திரிந்தார். வருந்தி முயன்றும் ஒன்றும் கிட்டவில்லை. இனி என் செய்வேன் என்று நைந்த பின்னரே, நினைவினால் கோயில் எடுக்கத் துணிந்தார். செல்வம் கைகொடாத இடத்தில் எண்ணத்தைக் கைவிடாமை ஒன்றே அவருக்கு எஞ்சிய முதலாக இருந்தது.

அம்மனத் திருப்பணியை அவர் செய்த முறையே நம் கருத்திற்கு உரியது. கண்ணை மூடியவுடன் கோபுரமும் விமானமும் நிறைந்த ஒரு கோயிலை அவர் கற்பனையில் கண்டு மகிழ்ந்தாரல்லர். பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார்; கருவிகளைத் தேடினார்; தச்சரை அமர்த்தினார்; ஆகமம் விதித்தபடி நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார்; வரிசை வரிசையாக மேனிலைகளை எழுப்பினார்; அளவு தவறாமல் சிகரம் அமைத்தார்; சுதை வேலை முடித்தார்; கிணறும் திருக்குளமும் தோண்டினார்; மதிலும் எடுத்தார். இரவிலும் உறங்காது நடந்த இப்பணி நெடுநாள் நீடித்தது. இத்தனையும் நிறைவேறிய பின்னரே குடமுழுக்கிற்கு நாள் குறித்தார்.

புறத்தே நடக்கும் திருப்பணியில் தவறு நேர்ந்தால் மேற்பார்ப்பவர் கண்டிப்பர்; காலம் தாழ்த்தால் ஊரார் கேட்பர். உள்ளத்தில் நடக்கும் பணிக்குக் கண்காணி இல்லை; கேட்பாரும் இல்லை; ஒரு படியை விட்டு அடுத்த படிக்குத் தாவினாலும் அறிவார் எவருமில்லை. அவ்வாறிருந்தும் ஒன்றையும் விடாது செய்து முடித்தமையே நாயனாரின் அருமுயற்சி. முழுமனத்துடன் உழைத்தல் என்பதன் பொருள் இதுவே என்க.

அதே காலத்தில் காஞ்சிமாநகரில் மற்றொரு திருப்பணி நிறைவெய்திக் கொண்டிருந்தது. சேக்கிழார் காடவர் கோமான் என்று குறிக்கும் பல்லவ மன்னன் கற்றளி ஒன்று எடுத்து, அதற்குப் பெருஞ்செல்வம் வகுத்து, குடமுழுக்கு நாளும் குறித்திருந்தான். அம்மன்னன் கி.பி. 700 முதல் 728 வரையளவில் ஆண்ட இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மனே என்றும், அக்கோயில் கயிலாசநாதர் ஆலயமே என்றும் வரலாற்றறிஞர் கொள்வர். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் இவன் காலத்ததே.

இராசசிம்மன் பணியும் எளியதன்று. அவனுக்கு ஏறக்குறைய நூறாண்டு முன்னர் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மண்டகப்பட்டில் குன்றைக் குடைந்து கோயில் கண்டான். குடைவரையில் தொடங்கிய அம்முயற்சியின் வளர்ச்சியாகக் கல்லைக் கல்மேல் அடுக்கி எழுந்ததே காஞ்சிக் கற்றளி. கருங்கல் அடித்தளமும், மணற்கல் விமானமும், சுற்றிலும் 58 சிற்றாலயங்களும் கொண்டு இன்றும் அது நிற்கிறது.

இவ்விரு திருப்பணிகளுக்கும் குடமுழுக்கு நாள் ஒன்றாகவே அமைந்துவிட்டது. முதல் நாள் இரவு இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை புகவிருப்பதால், கச்சியின் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்ளுமாறு பணித்தருளினார். விழித்தெழுந்த மன்னன் அத்தொண்டரைக் காணும் பெருவிருப்புடன் திருநின்றவூர் அடைந்து, அவர் எடுத்த கோயில் எங்குள்ளது என்று வினவினான். அப்படி ஒரு கோயில் இவ்வூரில் இல்லை என்றனர் ஊரார். அன்பர் இருக்குமிடம் சென்று மன்னன் கனவை உரைத்தபோது, பூசலார் தம் எளிமையையும் இறைவன் கருணையையும் நினைந்து உருகி, பொருளின்மையால் உள்ளத்தில் எடுத்த கோயிலின் செய்தியைச் சொன்னார். மன்னன் நிலமுற வீழ்ந்து வணங்கித் தன் நகர்க்கு மீண்டான். பூசலார் குறித்த வேளையில் தம் நெஞ்சக் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்து, நாள்தோறும் பூசனை புரிந்து வாழ்ந்தார்.

காஞ்சிக் கயிலாசநாதர் விமானத்தின் வடமொழிக் கல்வெட்டு ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. துஷ்யந்தன் முதலிய பண்டை வேந்தர் வானிலிருந்து எழுந்த ஒலியைக் கேட்டனர் என்றும், கலியுகத்தில் இம்மன்னனும் அத்தகைய ஒலியைக் கேட்டது வியப்பென்றும் அது கூறும். அதில் பூசலார் பெயர் இல்லை. எனினும் இது பெரியபுராணச் செய்தியோடு தொடர்புடையது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர்.

இவ்வரலாற்றில் மன்னன் தோற்றான் என்று கொள்ளுதல் முறையன்று. இறைவன் அவன் கற்றளியை மறுத்திலன். நாளை மட்டுமே மாற்றியருளினான். அக்கோயில் பெற்ற சிறப்பைப் பின்வந்த வரலாறு காட்டும். கி.பி. 740-ஐ ஒட்டிக் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இராசசிம்மேச்சுரத்தின் செல்வத்தைக் கவராமல் கோயிலுக்கே திரும்ப அளித்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் அங்குள்ள தூண் ஒன்றில் பொறித்தும் வைத்தான். பகைவனும் பணிந்த திருப்பணி அது. அதனை எடுத்த வேந்தனே, பொருளில்லா அந்தணர் ஒருவர்முன் வீழ்ந்து வணங்கினான் என்பதில் அவன் பெருமை இன்னும் உயர்கின்றது.

திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் என்னும் திருநாமத்துடன் இறைவன் கோயில் கொண்டுள்ளான். கருவறையில் பூசலார் நாயனாரின் திருவுருவமும் உண்டு. உள்ளத்தில் எழுந்தது ஒருநாள் மண்ணிலும் எழுந்தது.

குடமுழுக்குக் காணும் ஒவ்வொரு கோயிலிலும் இவ்விருவகைத் தொண்டும் கலந்தே நிற்கின்றன. பெருநிதி வழங்கியவர் இராசசிம்மன் வழி நிற்பவர். அவர் கொடை கல்லாய் நிலைபெறும். பொருள் வழங்க இயலாது, திருப்பணி முட்டின்றி முடிய வேண்டுமென்று இரவும் பகலும் எண்ணி, இயன்ற கைத்தொண்டை இடைவிடாது செய்தவர் பூசலார் வழி நிற்பவர். அவர் பெயர் கல்வெட்டில் இடம் பெறாமற் போகலாம். ஆயினும் நின்றவூர்க் கோயிலை ஊரார் அறியாத போதும் இறைவன் அறிந்திருந்தான். எடுத்த செயலை ஒரு படியும் விடாது முழுமனத்துடன் செய்வோர்க்கு அவ்வறிவு ஒன்றே போதிய ஊதியமாகும்.