மீந்துபோன முட்டை மஞ்சள் கரு: சாம்பல் நோய்க்கு வீட்டிலேயே கரைசல்

மருத்துவர் சொன்னதால் வெள்ளைக் கருவை மட்டும் சாப்பிடுபவர்கள் இன்று பல வீடுகளில் உண்டு. தூத்துக்குடி மக்ரூனுக்கும் வெள்ளைக் கரு மட்டுமே தேவை. மீதமாகும் மஞ்சள் கரு பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. ஆனால், முட்டையிலுள்ள கொழுப்பு, வைட்டமின் ஏ, டி ஆகியவை மஞ்சள் கருவில்தான் உள்ளன. எனவே, வளரும் குழந்தைகள் வீட்டில் இருந்தால் நன்றாக வேகவைத்து முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். அதற்கும் மேல் மீந்தால் கீழ்க்கண்டவாறு பயன்படுத்தலாம்.

மஞ்சள் கரு - எண்ணெய்க் கரைசல்

பனிக்காலத்தில் பூசணி, வெள்ளரி, பீர்க்கு, வெண்டை இலைகளில் மாவு தூவியது போல வெண்படலம் தெரிந்தால் அது சாம்பல் நோய். இதற்கு மஞ்சள் கருவும் சமையல் எண்ணெயும் கலந்த கரைசலைத் தென் கொரிய இயற்கை விவசாயிகள் தெளிக்கிறார்கள்.

எண்ணெய் தனியாகத் தண்ணீரில் கலக்காது. மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் என்ற பொருள் இரண்டையும் பால் போலக் கலக்கச் செய்கிறது. இலையில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூஞ்சாணத்தின் வளர்ச்சியைத் தடுக்கிறது. சிலந்திப்பேன், வெள்ளை ஈ ஆகியவற்றையும் ஓரளவு கட்டுப்படுத்துகிறது.

தயாரிக்கும் முறை

* ஒரு பச்சை மஞ்சள் கருவுடன் 100 மி.லி. தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் 2 நிமிடம் அடிக்கவும்.
* சூரியகாந்தி எண்ணெய் 60 மி.லி. ஊற்றி, மேலும் 3 முதல் 5 நிமிடம் அடிக்கவும். எண்ணெய் தனியாக மிதக்கக் கூடாது.
* இதை 20 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கவும். வீட்டுத் தோட்டத்துக்குக் குறைவாகத் தேவைப்பட்டால், லிட்டருக்கு 9 மி.லி. வீதம் கலக்கலாம்.
* நோய் வருமுன் காக்க 10 முதல் 14 நாட்களுக்கு ஒரு முறை தெளிக்கலாம். நோய் தென்பட்டுவிட்டால் எண்ணெயை 100 மி.லி. ஆக உயர்த்தி, 5 முதல் 7 நாள் இடைவெளியில் தெளிக்கவும்.

கவனிக்க வேண்டியவை

இலையின் இருபுறமும் நனையும்படி மாலையில் தெளிக்கவும். கடும் வெயில் காலத்தில் தவிர்க்கவும். முதலில் நாலைந்து இலைகளில் தெளித்து, 2 நாள் கழித்துக் கருகல் இல்லை என்றால் மட்டும் தொடரவும். எண்ணெய் அளவு கூடினால் இலை கருகும்.

கந்தகம், தாமிர மருந்துகளுடன் கலக்கக் கூடாது. கந்தகம் தெளித்திருந்தால் 2 வாரம் இடைவெளி விடவும். பொரித்து மீந்த எண்ணெயில் உப்பு இருக்கும் என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம். கரைசலை அன்றே தீர்த்துவிடவும். பச்சைக் கருவில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், காய்களைக் கழுவிச் சமைக்கவும்; பச்சையாகச் சாப்பிடும் காய்கள் மீது தெளிக்க வேண்டாம். மிக்ஸி ஜாரையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவவும்.

நோய் செடி முழுவதும் பரவிய பிறகு இந்தக் கரைசலை மட்டும் நம்பக் கூடாது. வேளாண் அலுவலரின் ஆலோசனையைப் பெறவும்.

வேகவைத்த கரு இருந்தால்

வேகவைத்த கரு கரைசலுக்கு உதவாது. அதை உதிர்த்து, கோழிக்குஞ்சுகளின் தீவனத்தில் சிறிதளவு கலந்து கொடுக்கலாம். மீதியை ஒரு மணி நேரத்தில் அகற்றிவிடவும்.

பச்சைக் கருவைச் செடியின் வேரில் ஊற்ற வேண்டாம். நாற்றமெடுத்து எலியும் எறும்பும் வரும். உடனே பயன்படுத்த முடியாவிட்டால், கரு மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 2 நாள் வரை வைக்கலாம்.