ஜாக் டாட்டி: ஆறு படங்கள், ஒரு நகரம், தீராத கடன்

நகைச்சுவைப் படம் என்றதும் ஒரு நடிகரின் முகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சாப்ளினின் மீசை, பஸ்டர் கீட்டனின் சிரிக்காத முகம், லாரல் - ஹார்டியின் தொப்பிகள். திரையில் அவர் வந்தால் சிரிப்பு. அவர் போய்விட்டால் அடுத்து எப்போது வருவார் என்ற காத்திருப்பு. இந்த வழக்கத்தை மாற்றப் பார்த்தவர் பிரெஞ்சு இயக்குனர் ஜாக் டாட்டி. தானே நடித்து, தானே இயக்கி, பெரும் புகழ் பெற்ற பிறகு, "இனி சிரிப்பு எனக்கு மட்டும் சொந்தமல்ல" என்பதுபோல அதை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

1907-ல் பாரிசுக்கு அருகே பிறந்தவர் டாட்டி. முழுக் குடும்பப் பெயர் ததிஷெஃப். தந்தை வழியில் ரஷ்ய வம்சம். குடும்பத் தொழில் ஓவியங்களுக்குச் சட்டம் போடுவது. அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ரக்பி ஆடப் போனார். ஆட்டம் முடிந்ததும் சக வீரர்களைப் போலவே நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார். அதுவே பிழைப்பாகி, 1930-களில் மேடைகளில் விளையாட்டு வீரர்களைப் பேச்சே இல்லாமல் நடித்துக் காட்டினார். டென்னிஸ் ஆடுபவர், மீன் பிடிப்பவர், குத்துச்சண்டை வீரர், குதிரையும் அதில் ஏறியவரும் என எல்லாமே அவர் ஒருவர்தான்!

முதல் முழுநீளப் படம் 1949-ல் வெளியான 'ழூர் த ஃபெத்' (திருவிழா நாள்). ஒரு சின்னக் கிராமத்துத் தபால்காரர், அமெரிக்காவில் தபால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு படத்தில் பார்த்துவிட்டு, தன் சைக்கிளிலேயே அந்த வேகத்தைக் காட்டப் புறப்படுகிறார். இந்தப் படத்தை ஒரு புதிய வண்ண முறையில் எடுத்தார்கள். ஆனால் அந்தப் பிலிமிலிருந்து பிரதி எடுக்க முடியவில்லை. நல்லவேளையாக, பக்கத்திலேயே இன்னொரு கேமராவில் கறுப்பு வெள்ளையிலும் எடுத்து வைத்திருந்தார்கள். அதுதான் வெளியானது. வண்ணப் பிரதி திரைக்கு வர 1995 ஆகிவிட்டது. அதைச் சாத்தியமாக்கியவர் டாட்டியின் மகள் சோஃபி.

படம் வெற்றி. தபால்காரரை வைத்தே இன்னும் நாலு படம் எடுத்திருக்கலாம். டாட்டி அதைச் செய்யவில்லை. 1953-ல் 'மிஸ்டர் ஹூலோவின் விடுமுறை' வந்தது. உயரமான உருவம், வாயில் பைப், கணுக்காலுக்கு மேலே நிற்கும் பேன்ட், முன்பக்கம் சாய்ந்த நடை. இவர்தான் ஹூலோ. கடற்கரை ஓட்டலுக்கு விடுமுறைக்கு வருகிறார். அவ்வளவுதான் கதை. வில்லன் கிடையாது, காதல்கூட இருக்கிறதா இல்லையா என்ற அளவில்தான்.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்கலாம். தபால்காரர் தானே ஓடியாடிச் சிரிக்க வைத்தார். ஹூலோ அப்படியல்ல. ஓட்டலின் கதவைத் திறந்து வைப்பார். காற்று உள்ளே புகுந்து மற்றவர்களைப் படாதபாடு படுத்தும். அவருடைய காரிலிருந்து கீழே விழுந்த டயர் டியூபில் இலைகள் ஒட்டிக்கொள்ளும். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் அதை மலர்வளையம் என்று வாங்கி மாட்டிவிடுவார்கள். ஹூலோ ஒரு காரணம் மட்டுமே. சிரிப்பு சுற்றியுள்ள மனிதர்களிடம் இருக்கிறது.

1958-ல் வந்த 'மோன் ஓங்க்ள்' படத்தின் பெயரைத் தமிழில் சரியாகச் சொன்னால் 'என் தாய்மாமன்'. ஹூலோவின் அக்காள் குடும்பம் நவீன வீட்டில் வாழ்கிறது. அங்கே எல்லாம் பட்டனை அழுத்தினால் நடக்கும். தோட்டத்தில் ஒரு மீன் சிலை தண்ணீர் பீய்ச்சும். ஆனால் மணி அடிப்பது முக்கிய விருந்தாளி என்றால்தான் அதைத் திறந்துவிடுவார்கள். வந்தவர் வேண்டாதவர் என்று தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவார்கள்! படம் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும், சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரையும் வென்றது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஹூலோவை இன்னும் பெரிதாக்கியிருப்பார்கள். டாட்டி அவரைச் சிறிதாக்கினார்.

அடுத்த படம் 'ப்ளேடைம்'. கண்ணாடியும் இரும்புமாக ஒரு நவீன பாரிஸ் வேண்டும். நிஜ நகரத்தில் வருடக்கணக்கில் படம் பிடிக்க முடியாது. எனவே பாரிசின் ஓரத்தில் ஒரு நகரத்தையே கட்டினார். அதற்கு மக்கள் வைத்த பெயர் 'டாட்டிவில்', அதாவது டாட்டியூர். சாலைகள், அலுவலகங்கள், சொந்த மின் நிலையம் எல்லாம் உண்டு. புயலில் சேதமடைந்த செட்டை மீண்டும் கட்டினார்கள். படப்பிடிப்பு 1964-ல் தொடங்கி 1967 வரை இழுத்தது. கையிலிருந்த பணம் தீர்ந்து கடன் ஏறியது.

படம் 70 எம்.எம்.மில் எடுக்கப்பட்டது. முகத்தை அருகில் காட்டும் குளோசப் காட்சிகளைத் தவிர்த்தார். ஒரே காட்சியில் நாலைந்து மூலைகளில் நாலைந்து வேடிக்கைகள் நடக்கும். எதைப் பார்ப்பது என்பது பார்ப்பவரின் விருப்பம். ஹூலோ கூட்டத்தில் ஒருவர். அவரைப் போலவே தொப்பியும் கோட்டும் போட்ட வேறு ஆட்கள் கடந்து போவார்கள்; ஏமாந்து போவது பார்ப்பவர்கள்தான். ஒரு உணவகத்தில் கண்ணாடிக் கதவு உடைந்து நொறுங்கிவிடும். காவலாளி கைப்பிடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்து திறந்து மூடுவார்!

ஹூலோவைத் தேடி வந்த ரசிகர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருந்தது. சுமார் இரண்டரை மணி நேரப் படம் வெட்டிக் குறைக்கப்பட்டது. போட்ட பணம் திரும்பவில்லை. குடும்ப வீடு போனது. பழைய படங்களின் உரிமைகளும் கடன்காரர்கள் கைக்குப் போயின. டாட்டியூர் இடிக்கப்பட்டது.

அதன்பிறகு பணம் போடுபவர்கள் கேட்டது ஹூலோவைத்தான். 1971-ல் 'ட்ராஃபிக்' படத்தில் அவர் மீண்டும் வந்தார். பாரிசிலிருந்து ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சிக்கு ஒரு புதுவிதக் காரைக் கொண்டுபோகும் கதை. அதிலும் ரசிக்க வைப்பது சாலையில் கார்களுக்குள் உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதர்கள்தான். ஹூலோவின் கடைசிப் படமும் அதுவே.

1974-ல் 'பரேட்'. சுவீடன் தொலைக்காட்சிக்காகப் பெரும்பகுதி வீடியோவில் எடுத்த எளிய சர்க்கஸ் நிகழ்ச்சி. ஹூலோ இல்லை. அறுபதைத் தாண்டிய டாட்டி, 1930-களில் செய்த அதே விளையாட்டு வீரர் நடிப்பைச் செய்து காட்டுகிறார். பார்வையாளர்களும் நிகழ்ச்சியில் கலந்துகொள்கிறார்கள். முடிவில் எல்லோரும் போனபின், கலைஞர்கள் விட்டுச் சென்ற பொருட்களோடு இரண்டு குழந்தைகள் விளையாடுகிறார்கள். ப்ளேடைமில் பெரும் பணத்தைக் கொட்டிச் சொன்னதை, இங்கே கொஞ்சப் பணத்தில் சொல்லிவிட்டார்.

25 ஆண்டுகளில் 6 படங்கள்தான். 1977-ல் பிரான்சின் கௌரவ சீசர் விருது கிடைத்தது. 1982 நவம்பரில் மறைந்தார். அவர் எழுதி வைத்து எடுக்காமல் போன ஒரு கதை, 2010-ல் சில்வன் ஷோமே இயக்கத்தில் 'தி இல்யூஷனிஸ்ட்' என்ற கார்ட்டூன் படமாக வந்தது.

அவரை அழித்த படம் என்னவானது? 2002-ல் ப்ளேடைம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. 2022-ல் லண்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், எல்லாக் காலத்துக்கும் சிறந்த படங்களின் பட்டியலில் அதற்கு 23-வது இடம்! ஆஸ்கர் வாங்கிய மோன் ஓங்க்ள் அதற்கு மேலே இல்லை.

டாட்டியைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஹூலோவின் விடுமுறையிலிருந்து தொடங்கலாம். ப்ளேடைமை மட்டும் செல்போனில் பார்க்க வேண்டாம். எவ்வளவு பெரிய திரை கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாவது முறை பார்க்கும்போது ஹூலோவை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்கவும்.