வெதுப்பி வெப்பநிலைச் சீரமைப்பு

வெதுப்பி வெப்பநிலைச் சீரமைப்பு என்பது வீட்டு வெதுப்பியின் குமிழ் காட்டும் அளவுக்கும், அதனுள் உண்மையில் நிலவும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, அதற்கேற்பக் குமிழைத் திருத்தி வைப்பதாகும். வெதுப்பி தமிழகப் பேச்சு வழக்கில் ஓவன் எனவும், இலங்கைத் தமிழில் போறணை எனவும் அழைக்கப்படுகிறது.

வேறுபாட்டின் காரணங்கள்

வீட்டு மின் வெதுப்பிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் என்னும் கருவி வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிறது. இதிலுள்ள ஈருலோகப் பட்டை அல்லது நீர்மம் நிரம்பிய உணரி, சூட்டில் விரிவடையும்போது மின்சுற்று துண்டிக்கப்படும். ஆறியதும் மீண்டும் இணைக்கப்படும். ஆகவே வெப்பநிலை ஓரளவில் நில்லாது ஏறி இறங்கும். உணரி பெரும்பாலும் சுவரையொட்டி இருப்பதால், தட்டு வைக்கும் நடுப்பகுதியின் சூடு அதனின்று வேறுபடலாம்.

மின்னழுத்தக் குறைவு இதனின்று வேறான சிக்கலாகும். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் வெப்பச்சுருள், 200 வோல்ட்டில் ஏறத்தாழ 1130 வாட் மட்டுமே தரும். இதனால் வெதுப்பி சூடேறக் கூடுதல் நேரமாகும்.

உணவில் ஏற்படும் விளைவுகள்

சூடு மிகுந்தால் கேக்கின் மேற்புறம் விரைவில் இறுகி, உள்ளே விரியும் மாவு அதனைப் பிளக்கும். சூடு குறைந்தால் மாவு இறுகுமுன் காற்றுக்குமிழிகள் வெளியேறி, கேக்கின் நடுப்பகுதி அமுங்கும்.

முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் செய்யப்படும் தூத்துக்குடி மக்ரூன் மிதமான சூட்டில் மெல்ல உலர வேண்டிய பண்டமாகும். உணவைப் பழுப்பாக்கும் வேதிவினைகள் ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல் விரைவடைவதால், குமிழ் 110 எனக் காட்டியும் உள்ளே 140 இருப்பின் மக்ரூனின் வெண்மை கெடும்.

அளக்கும் முறை

# வெதுப்பிக்கென விற்கப்படும் வெப்பமானியை நடுத்தட்டின் மையத்தில் வைக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் பயன்படுத்தலாகாது.
# குமிழை 180 பாகையில் வைத்து அரை மணி நேரம் சூடாக்க வேண்டும்.
# கதவைத் திறவாமல், சுட்டு விளக்கு அணையும்போதும் மீண்டும் எரியும்போதும் உள்ள அளவுகளைப் பலமுறை குறித்துச் சராசரி காண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அளவுகள் 210, 180 என மாறி வந்தால் சராசரி 195 ஆகும். மிகை 15 பாகை. எனவே 180 தேவைப்படின் குமிழை 165 அளவில் வைக்கலாம். பிழை எல்லா அளவிலும் ஒன்றாக இராது என்பதால், 120, 200 பாகைகளிலும் சோதித்து அட்டவணை எழுதி வைப்பது நன்று. சில வகைகளில் குமிழின் பின்புறம் திருத்தும் திருகு உண்டு. கையேடு அனுமதித்தால் மட்டும், மின்னிணைப்பை நீக்கிய பின் அதனைத் திருப்பலாம்.

அலகு மாற்றம்

அமெரிக்கச் சமையற்குறிப்புகள் பாரன்ஃகைட் அளவில் உள்ளன. அதிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் செல்சியசு கிடைக்கும். 350 பாகை பாரன்ஃகைட் ஏறத்தாழ 177 பாகை செல்சியசு ஆகும். விசிறியுள்ள வெதுப்பியில், குறிப்பிலுள்ள அளவிலிருந்து சுமார் 20 பாகை செல்சியசு குறைத்து வைப்பது வழக்கம்.

இவற்றையும் பார்க்க

* வெதுப்பகம்
* வெப்பமானி
* ஈருலோகப் பட்டை