தோட்டப்புற மின்சார மானியம் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

கம்பி நெடுந்தூரம் ஓடியும் விளக்குகள் சிலவே எரியும் கிராமாந்தரப் பிரதேசங்களில், விநியோகத்துக்கு ஆகும் மூலதனத்தை மின்கட்டண வருமானத்தால் ஈடுசெய்ய இயலாமையால், அச்செலவை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு கிராமாந்தர மின்சார மானியம் எனப்படும். மலேசியாவில் இது பெரும்பாலும் கட்டணச் சலுகையைக் குறிப்பதன்று. கம்பம் நட்டு, 11,000 வோல்ட் கம்பி இழுத்து, மின்மாற்றி அமைத்து, குடியிருப்பின் வாசல்வரை மின்சாரத்தைக் கொண்டுவரும் முதற்செலவையே குறிக்கும். தாழ்ந்த அழுத்தத்தில் வெகுதூரம் செலுத்தினால் விளக்கு மங்கிவிடும் ஆதலால், ஒதுங்கிக் கிடக்கும் சிறு குடியிருப்புக்கும் தனி மின்மாற்றி வேண்டியதாகிறது. செலவு பெருகுவதற்கு முக்கிய காரணம் அதுவே.

இந்நாட்டின் மின்சார வரலாற்றில் தமிழர் ஒருவருக்கு ஆதியிலேயே இடமுண்டு. 1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்தினர். 1927-இல் பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் மின்நிலையம் எழுந்தது. 1949-இல் மத்திய மின்சார வாரியம் ஸ்தாபிக்கப்பெற்றது. 1953-இல் கிள்ளானில் கன்னாட் பாலம் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் இந்நிலையங்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களின் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளில் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருந்த தோட்டங்களிலும், அந்தியில் ஓடத் தொடங்கும் இயந்திரம் இரவு பத்து மணியளவில் நிறுத்தப்பட, விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் புறப்படவேண்டிய தாய்மார் இருளிலேயே அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டுப் பால்வெட்டச் சென்றனர்.

மின்நிலையத்துக்கு அருகிலிருந்தும் வெளிச்சம் எட்டாமற் போனதற்குக் காரணம் தூரமன்று, நிலவுரிமையே. 1959-இல் துன் அப்துல் ரசாக்கின் பொறுப்பில் கிராம அபிவிருத்தி அமைச்சு தோன்றி, மின்வசதி கிராமங்களை நோக்கி நகரலாயிற்று. தோட்டமோ தனியார் சொத்தாகையால், அங்குள்ளோரின் சௌகரியங்கள் முதலாளியின் கடமையெனக் கருதப்பட்டன. அரசாங்கத்துக்கும் முதலாளிக்கும் இடையே தொழிலாளர் குடும்பங்கள் காத்துக் கிடந்தமை பெரும் அநீதியென்றே சொல்லவேண்டும். பெருந்தோட்டங்கள் சிறு பங்குகளாக விற்கப்பட்டுத் துண்டாடப்பட்ட காலத்தில் இந்நிலை மேலும் கடினமாயிற்று. கைம்முதல் குறைந்த புதிய உடைமையாளர்களுக்குச் சில வீடுகளுக்காக மின்மாற்றி வைக்கும் சக்தியோ விருப்பமோ இருக்கவில்லை. துண்டாடலைத் தடுக்கும்பொருட்டு 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் முன்னின்று நிறுவிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் அருமை இதனாலும் விளங்கும்.

1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும் போதிய மின்சாரம் இருக்கச்செய்வதை முதலாளியின் கடமையாக்கியது. பின்னர், பரப்பிற் சிறிய தனியார் தோட்டங்களும் மத்திய அரசாங்கத்தின் உதவிக்கு உரியனவாயின. 1997-இல் அமைந்த மின்சாரத் துறை அறநிதிக்கு, மின் உற்பத்தி நிறுவனங்கள் தம் விற்பனை வருமானத்தில் 1 சதவீதம் வழங்கலாயின. கிராமாந்தர மின்வசதிக்கும் அந்நிதி உதவுகிறது.

இதற்குள் எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா நகரமாகவும், புக்கிட் ஜாலில் தோட்ட நிலம் விளையாட்டரங்க வளாகமாகவும் மாறின. தோட்டம் கைமாறும்போது கம்பியும் மின்மாற்றியும் நிலத்தோடு நின்றுவிட, லயன் வீட்டுக்கு உரிமைப் பத்திரமில்லாத குடும்பம் தன் பெயரில் மின் இணைப்புக் கோருவதற்கும் நிலத்துக்கு உடையவரின் சம்மதத்தையே நாடவேண்டியிருக்கிறது.