தவணை தவறிய விளையாட்டும் களவுபோன நிரலும்

பத்திரிகைக்காரனுக்குத் தவணை என்பது தலைவிதி. அச்சு இயந்திரம் ஓடத் தொடங்குமுன் செய்தி பக்கத்தில் ஏறியாக வேண்டும். அரைகுறையாக இருந்தாலும் விடிவதற்குள் பத்திரிகை வெளிவந்துவிடும். ஆசிரியபீடங்களிலேயே நரைத்துப்போன எனக்கு 'ஹாஃப்-லைஃப் 2' என்ற கணினி விளையாட்டின்மீது நாட்டம் உண்டானது அதன் துப்பாக்கிகளால் அன்று. அது தவறவிட்ட தவணையே காரணம்.

முதற் பாகம் 1998 நவம்பரில் வெளியானது. அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வால்வ் நிறுவனத்தின் கன்னிப் படைப்பு அது. பரிசோதனையொன்று பிழைத்துப் போக, வேற்றுலக உயிர்கள் ஆய்வுகூடத்தினுள் புகுந்துவிடுகின்றன. கோர்டன் ஃப்ரீமன் என்ற பௌதிகவியலாளர் உயிர்தப்பப் போராடுகிறார். கண்டதைச் சுடுவதே தொழிலாக இருந்த விளையாட்டு வகைக்கு, கதை சொல்லவும் வரும் என்று நிரூபித்தது அது. இரசிகர்கள் அடுத்த பாகத்துக்காகத் தவமிருந்தனர்.

2003 மே மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் அந்த அடுத்த பாகம் காண்பிக்கப்பட்டது. வெளியீட்டு நாளும் குறிக்கப்பட்டது: 2003 செப்டெம்பர் 30. நாள் கடந்தது, விளையாட்டு வரவில்லை. இரண்டே நாள்களில், அதாவது ஒக்டோபர் 2 ஆம் திகதி, நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் இணையத்தில் ஓர் அறிவித்தல் விடுத்தார். யாரோ தமது மின்னஞ்சலுக்குள்ளும் நிறுவன வலையமைப்புக்குள்ளும் ஊடுருவி விளையாட்டின் மூல நிரலைக் களவாடிவிட்டதாகவும், இணையத்தில் உலாவுவது அசல் நிரலே என்றும் ஒப்புக்கொண்டு, இரசிகர்களின் உதவியைக் கோரினார்.

இவ்விடத்தில்தான் எனக்குச் சங்கடம். கசிந்த ஆவணங்கள் இல்லையேல் எமது தொழிலில் பாதி இல்லை. களவுபோன அந்நிரலைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை பளிச்சென விளங்கிற்று: செப்டெம்பரில் வெளிவரும் நிலையில் அந்த விளையாட்டு இருக்கவேயில்லை. பல பகுதிகள் குறையாகவே கிடந்தன. களவு களவுதான், நான்கு ஆண்டுகளாக இராப்பகலாய் உழைத்தவர்களின் வயிற்றில் அடித்த செயல்தான். ஆயினும், நாளைக் குறித்துச் சொல்லி மக்களைக் காக்க வைத்தவர்கள் மறைத்ததை வெளிக்கொணர்ந்தது அக்களவுதானே! பொதுநலன் கருதி அவன் அதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊடுருவியவன் அந்த விளையாட்டின்மீது பித்துக்கொண்ட ஜேர்மனிய இளைஞன். வேலை தருவதாக நேர்காணலுக்கு அழைத்து அமெரிக்க மண்ணில் வைத்துப் பிடிப்பது என்று வலை விரிக்கப்பட்டது. அதற்குமுன் ஜேர்மன் பொலிஸார் 2004 மே மாதம் அவனைக் கைது செய்துவிட்டனர். 2006 இல் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புடன் தப்பினான்.

விளையாட்டு 2004 நவம்பர் 16 அன்று வந்தது. கடையில் இறுவட்டு வாங்கியவரும் இணையத்தில் அனுமதி பெற்றே விளையாட வேண்டியிருந்ததால் முதல் நாளிலேயே பெரும் நெரிசல். அந்த எரிச்சலைத் தாண்டி உள்ளே போனவர்களுக்குக் காத்திருப்பு வீண்போகவில்லை.

பல்கேரியாவில் பிறந்த ஓவியர் விக்டர் அன்டோனொவின் கற்பனையில் எழுந்த 'பதினேழாம் நகரம்' கிழக்கு ஐரோப்பிய நகரமொன்றின் சாயலுடையது. புகையிரத நிலையத்தில் இறங்கியதும், பெருந்திரையில் ஆளுநர் பிரீன் இனிமையாக வரவேற்கிறார். சற்றுத் தள்ளி முகமூடியணிந்த காவலன் வெற்றுத் தகரக் குவளையொன்றைத் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடு என்கிறான். போட்டால் சிரிக்கிறான். அவன்மீதே எறியவும் செய்யலாம், அடிதான் விழும். அடக்குமுறையைப் பக்கம் பக்கமாக விவரிக்கும் கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். இந்தக் குவளை செய்த வேலையை அவை செய்யவில்லை.

பொருட்களைக் கவர்ந்து வீசும் ஈர்ப்புத் துப்பாக்கி பற்றி எல்லோரும் எழுதிவிட்டனர், நான் விடுகிறேன். 2006 இலும் 2007 இலும் இரு தொடர் அத்தியாயங்கள் வந்தன. அறிவிக்கப்பட்ட மூன்றாவது வரவேயில்லை. 2020 இல் வந்த 'அலிக்ஸ்' முன்கதை.

என்னை நிறுத்தி வைத்தது விஞ்ஞானி ஈலாய் வான்ஸின் ஆய்வுகூடச் சுவர். அங்கே பழைய பத்திரிகைத் துணுக்குகள் ஒட்டப்பட்டுள்ளன. பூமி சரணடைந்தது என்பது ஒன்றின் தலைப்பு. வேற்றுலகப் படையுடனான அந்தப் போர் ஏழே மணித்தியாலங்கள்தாம் நீடித்ததாம். அதற்குள் யாரோ ஓர் உதவியாசிரியர் தலைப்பெழுதி, பக்கம் கட்டி, அச்சுக்கும் அனுப்பியிருக்கிறார்.