துறைமுகத்தில் முளைத்த பல் காப்பீடு

அமெரிக்காவில் நல்ல கம்பெனி வேலை என்றால் பல் காப்பீடும் சேர்ந்தே வரும். அதைப் பெரிய அளவில் முதலில் வாங்கிக் காட்டியவர்கள் பசிபிக் கரையில் மூட்டை தூக்கிய துறைமுகத் தொழிலாளர்கள்.

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் 1934-க்கு முன்பெல்லாம் விடிகாலையிலேயே ஆட்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் அன்று வேலை. கூலியில் ஒரு பங்கை வெட்டினால்தான் அந்தக் கை பலர் பக்கம் திரும்பும். 1934-இல் இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் 83 நாள் நீடித்தது. ஜூலை 5 அன்று போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அதன் பிறகே ஆள் அனுப்பும் பொறுப்பு தொழிலாளர் சங்கம் தேர்ந்தெடுத்தவரின் கைக்கு வந்தது. கூலிப் பிரச்சினை ஓரளவு தீர்ந்ததும் சங்கத்தின் பார்வை மருத்துவச் செலவின் மேல் விழுந்தது. முதலாளிகள் பணம் போட ஒரு நலநிதி உருவானது.

1954-இல் அந்த நிதியில் பணம் மிஞ்சியது. சங்கமும், கப்பல் முதலாளிகளின் அமைப்பான பசிபிக் மாரிடைம் அசோசியேஷனும் வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களின் பல் மருத்துவர் சங்கங்களிடம் போனார்கள். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, 14 வயது வரை, பல் வைத்தியம் வேண்டும் என்றார்கள்.

ஏன் பிள்ளைகளுக்கு மட்டும்? பெரியவர்களின் வாயில் பல வருஷத்துப் பாக்கி கிடந்தது. அதைச் சரிசெய்யப் புகுந்தால் நிதி தாங்காது. பிள்ளைகளின் பல்லோ இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருந்தது. ஆறு வயதுவாக்கில் பால் பல் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே பல பெற்றோர் விட்டுவிடுவார்கள். அது ஆயுசு முழுக்க இருக்க வேண்டிய பல். அதன் பள்ளங்களில் சோறும் இனிப்பும் தங்கி, முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் செலவும் சின்னது.

காப்பீட்டுக்காரர்களுக்கு இது பிடிபடாத சரக்கு. எல்லா வீடும் எரிவதில்லை என்பதால்தான் தீக் காப்பீடு நடக்கிறது. சொத்தையோ ஏறக்குறைய எல்லார் வாயிலும் வரும். நலநிதியே சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்துத் தங்கள் தொழிலில் கைவைத்துவிடுமோ என்ற பயம் பல் மருத்துவர்களுக்கு. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகப் பகுதியில் மேக்ஸ் ஷோன் என்ற பல் மருத்துவர் சில டாக்டர்களைச் சேர்த்துக் கூட்டாகவே இந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். இந்தப் போட்டி இல்லையென்றால் மருத்துவர் சங்கங்கள் அவ்வளவு வேகமாக அசைந்திருக்காது என்பது என் எண்ணம். 1954-இல் வாஷிங்டனிலும் 1955-இல் மற்ற இரு மாநிலங்களிலும் அந்தச் சங்கங்களே லாப நோக்கில்லாத சேவை நிறுவனங்களைத் தொடங்கின. இன்றைய டெல்டா டென்டல் அவற்றிலிருந்து வளர்ந்ததுதான்.

பின்னாளில் மற்ற தொழில்களும் இதைக் கேட்டு வாங்கின. பரிசோதனைக்கும் பல் சுத்தம் செய்வதற்கும் முழுப்பணம், சொத்தை அடைக்க 80 சதவீதம், கிரவுனுக்குப் பாதி என்ற கணக்கு பரவியது. இதில் முதல் வரிதான் அருமை. பல்லின் அடியில் இறுகிய காரை எவ்வளவு தேய்த்தாலும் பிரஷ்ஷுக்கு அசையாது. கருவி வைத்துத்தான் சுரண்ட வேண்டும். விட்டால் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, எலும்பு கரையும். சர்க்கரை நோய் ஈறு நோயை முற்ற வைக்கும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும். அதனால் சர்க்கரை உள்ளவர்களுக்கும், கூடவே கர்ப்பிணிகளுக்கும் கூடுதலாக ஒரு தடவை சுத்தம் செய்துகொள்ளச் சில திட்டங்கள் பணம் தருகின்றன.

ஆனால் 1970-களில் பல திட்டங்கள் ஆண்டுக்கு 1,000 டாலர் என்று வைத்த உச்சவரம்பு, விலைவாசி பல மடங்கு ஏறிய பிறகும் பல இடங்களில் 1,000, 1,500 என்றே நிற்கிறது. ஒரு ரூட் கேனாலும் கிரவுனும் போட்டால் அந்த வருஷத்துப் பணம் கிட்டத்தட்டக் காலி. பல் காப்பீடே பிள்ளைகளுக்காகப் போட்ட கணக்கில் தொடங்கியதுதான். பல் போன பெரியவர்களுக்கு இன்னும் யாரும் சரியாகக் கணக்குப் போடவில்லை.