துபாஷியின் ஊரில் ஒரு விளையாட்டுப் பாடம்

'இன்னொரு பாஷை தெரிந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம்.' பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 18-ம் நூற்றாண்டில் துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்தபோது, அவரிடம் செல்வாக்கோடு இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய உத்தியோகத்தின் பெயர் துபாஷி. அதாவது, இரண்டு பாஷைக்காரர்!

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962-ல் சட்டப்படியும் ஊர் இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சு மெள்ள ஒதுங்க, உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலம் என்றாகிப்போனது.

2023-24 கல்வியாண்டில் அடுத்த திருப்பம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. அதுவரை தமிழிலேயே படித்த பிள்ளைகள் கதி? கணக்கு தெரியும். ஆனால், கேள்வியில் இருக்கும் வார்த்தை புரியாவிட்டால் கணக்கு தெரிந்து என்ன பிரயோஜனம்?

சரி, இந்தப் பிள்ளைகள்தான் எந்நேரமும் செல்போனில் கேம்ஸ் ஆடுகிறார்களே... அதிலேயே ஆங்கில வார்த்தைகளைப் பிடித்துவிட முடியாதா?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாத்யூ காம் என்ற ஆராய்ச்சி மாணவர் 2004-லேயே இதோடு கிளம்பிவிட்டார். திட்டத்தின் பெயர் 'மில்லீ'. சாதாரண செல்போனில் ஆங்கில வார்த்தைகள் கற்றுத்தரும் கேம்ஸ். ஆடப்போவது இந்திய கிராமத்துப் பிள்ளைகள்.

முதலில் சறுக்கல்தான். மேல்நாட்டு வீடியோ கேம்ஸ் பாணி பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தெருவில் நீங்கள் என்னென்ன விளையாடுவீர்கள் என்று பிள்ளைகளிடமே போய்க் கேட்டார்கள். அந்த ஆட்டங்களின் விதிகளைப் பிரித்துப் பார்த்து, அதற்கேற்ப புது கேம் செய்தார்கள். அது சட்டென்று பிடித்துக்கொண்டது! 2009-ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அடுத்து, வேலைகளுக்கு நடுவே பிள்ளைகள் தாங்களாக விரும்பி ஆடுகிறார்களா என்று 26 வாரம் கவனித்தார்கள். ஆடினார்கள், ஓரளவு கற்கவும் செய்தார்கள்.

ஆனால், கேமில் ஜெயிப்பது வேறு, பாஷை வருவது வேறு. 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலக சாம்பியன் ஆனவர் நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ். அவருக்கு பிரெஞ்சு பேச வராது! வார்த்தைகளை அப்படியே மனப்பாடம் செய்து ஜெயித்துவிட்டார். துய்ப்ளேக்ஸ் காலத்தில் அவருக்கு துபாஷி வேலை கிடைத்திருக்குமா, சொல்லுங்கள்?

அதனால், உங்கள் வீட்டு ஒன்பதாம் வகுப்பு வார்த்தை கேம் ஆடினால் போனைப் பிடுங்காதீர்கள். ஆடி முடித்ததும் பக்கத்தில் உட்காருங்கள். இன்றைக்குச் சிக்கிய வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் கேளுங்கள். அதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. கேம் செய்யாத வேலை அதுதான். அதை வீட்டில் நாம்தான் செய்ய வேண்டும்.